பரட்டைக்கீரைக்கு எவ்வளவு உப்பு

"இந்த மலையில வேற கீரையே விளையாதா அம்மா?"

தாணுலிங்கம் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஞானம் தேடி வந்தவர் கேட்கிற கேள்வியாக அது இல்லை. என்ன செய்வது, வந்து பெட்டியைக் கீழே வைத்ததும் அவரை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கூடை நிறைய ஒரே கீரைதான் இருந்தது.

ஓரமெல்லாம் சுருண்டு சுருண்டு, சீப்பே படாத தலை மாதிரி கிடந்தது.

"இதுக்குப் பேரென்ன?"

"பரட்டைக்கீரை. கடையில கேல்னு எழுதி விக்கிறாங்க," என்றார் அம்மா.

"எனக்கும் இதுக்கும் பழக்கம் இல்லியே."

"அதுக்கும் உங்களோட பழக்கம் இல்லை. பழகுங்க."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அம்மா என்று எல்லோரும் கூப்பிட்டது அந்த ஆசிரமத்தின் குருவை. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. தாணுலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. இளையவரை அம்மா என்று கூப்பிட முதல் நாள் கூச்சமாக இருந்தது. அடுத்த நாள் தானாக வந்துவிட்டது.

தாணுலிங்கம் யார் என்று நாகர்கோவில் பக்கம் கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். கல்யாண சமையல்காரர். முகூர்த்த நாள் குறிக்கும் முன்பு அவருக்கு எந்த நாள் ஒழியும் என்று விசாரித்தவர்கள் உண்டு. அவர் வைத்த அவியலுக்காகவே சண்டையை மறந்து கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகள் உண்டு.

ஒரே ஒரு குறை, வாயைத் திறந்து அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாமன் முறை உள்ள ஒருவர் அடுப்படிக்குள் வந்தார். சாம்பாரை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். "ஒரு கல்லு போடலாம்," என்றார். உப்பைத்தான் சொன்னார்.

தாணுலிங்கம் கரண்டியை அந்த மாமன் கையிலேயே கொடுத்தார். வேட்டியை உதறிக் கட்டினார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போது கிளம்பிப் போய்விட்டார். பெண்ணைப் பெற்றவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்து, காலில் விழாத குறையாகக் கூட்டிப்போனார்.

அப்படிப்பட்ட மனிதருக்குப் போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது நாக்கையும் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

உப்பு இல்லை, புளி இல்லை, காரம் இல்லை. பாயசத்தைக் குடித்தால் சூடு மட்டும் தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குக்கூடத் தெரியாது. கையில் அளவு இருந்தது. இத்தனை படி அரிசிக்கு இத்தனை பிடி என்று கை அறியும். அந்தக் கையை வைத்து ஒரு வருஷம் ஓட்டினார். பந்தி நடக்கும்போது தூணுக்குப் பின்னால் நின்று, சாப்பிடுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் முகம் சுளிக்கவில்லை என்றால் அன்றைக்குத் தப்பித்தார். பயந்து பயந்து சமைத்ததில் ஆளே பாதியாகிவிட்டார்.

அப்போதுதான் இந்த மலையைப் பற்றிக் கேள்விப்பட்டார்.

அங்கே அடுப்படியில் யாரும் ருசி பார்க்க மாட்டார்களாம். சாமிக்குப் படைக்கும் முன்பு ஒரு பருக்கைகூட யார் நாக்கிலும் படக் கூடாதாம். சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசவும் கூடாதாம். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, நன்றாக இல்லை என்றும் சொல்லக் கூடாது.

நாக்கு போன சமையல்காரனுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் சொன்னார்கள். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தால், போனது திரும்பி வருமாம். அதை அவர் நம்பவில்லை என்றுதான் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும் பஸ் ஏறினார்.

"எதுக்கு வந்தீங்க?" என்று அம்மா கேட்டார்.

"மனசு அமைதிக்கு."

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடுப்படியில ஆள் இல்லை," என்றார்.

*

முதல் நாள் பொரியல்.

நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு இலையைப் பொடியாக நறுக்கினார். கடுகு, மிளகாய்வற்றல், தேங்காய்ப்பூ. அந்த ஆசிரமத்தில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. உப்பு மட்டும் கை அளவு. எந்தக் கீரைக்கும் அவர் போடுகிற அளவு.

சாமிக்குப் படைத்தார்கள். பிறகு இருபது பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். தாணுலிங்கம் பழக்கம் விடாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு முகமும் சுளிக்கவில்லை.

அம்மா தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கீரை."

தாணுலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாப்பிட்டு எழுந்தவர்கள் எல்லோரும் தண்ணீர்க் குடத்தடியில் நின்றார்கள். குடம் காலியாகி மறுகுடம் வந்தது. மலைக்காற்றுக்குத் தாகம் எடுக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். பல்லுக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. அரைக்கீரைக்குக் கொடுக்கிற நேரம் இந்தக் கீரைக்குப் போதவில்லை. மென்று மென்று தாடை வலித்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, எனக்கு உபதேசம் எப்ப?"

"நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"கூட்டு வைக்கலாம்னு இருக்கேன்."

"வைங்க."

*

கூட்டு வைத்தார். பாசிப்பருப்போடு கீரையை நன்றாகக் குழைய விட்டு, சீரகமும் தேங்காயும் அரைத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் அம்மா.

மறுநாள் அடைமாவில் அரிந்து போட்டார். உருவி எறிந்த தண்டைப் பார்க்க மனசு கேட்காமல், அதை வதக்கி உளுந்தும் புளியும் வைத்துத் துவையல் அரைத்தார். இலையைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, எண்ணெயில் போட்டு எடுத்துப் பார்த்தார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

ஒருநாள் அடுப்பே மூட்டவில்லை. பச்சை இலையில் எலுமிச்சைச் சாறும் நல்லெண்ணெயும் உப்பும் விட்டுப் பிசைந்தார். முரட்டு இலை. முதலில் கையைக் குத்தியது. பிசையப் பிசைய முறுக்கு விட்டது. நிறம் கருத்துப் பளபளத்தது. கூடை நிறைய இருந்த கீரை ஒரு சட்டிக்குள் அடங்கி, துணி மாதிரி மெத்தென்று கிடந்தது. அவர் கையையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருஷ அடுப்படி வாழ்க்கையில் தீயில்லாமல் ஒரு கீரை இப்படிக் கனிந்து அவர் பார்த்ததில்லை.

அன்றைக்கும் அம்மா இரண்டாம் முறை தட்டை நீட்டினார்.

கீரையைக் கழுவிக் கொடுப்பவர் நாச்சிமுத்து. கோயம்புத்தூர் மில் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடிகாலையில் வெளியே கல்தொட்டியடியில் கழுவுவார். கூடையை அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் போவார். தாணுலிங்கம் வரும் வரைக்கும் கழுவுவதும் அவர்தான், சமைப்பதும் அவர்தான். இப்போது பாதி வேலை குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

ஒருநாள் கூடையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"சாப்பாட்டப் பத்தியா?"

"ஆமாங்க."

"அதப் பேசப்பிடாதுல்லா? அம்மா விதி வச்சிருக்காவ."

"ஆமாமுங்க," என்று தலையைச் சொறிந்தார் நாச்சிமுத்து. பிறகு போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

*

நாக்கு மட்டும் வரவில்லை.

தினமும் விடிந்ததும் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கூழாங்கல்லை வைத்த மாதிரி இருக்கும். துப்பிவிடுவார்.

ஒருநாள் தோட்டத்தில் அம்மா கீரை பறித்துக்கொண்டிருந்தார். அடி இலைகளை மட்டும் ஒடித்தார். நடுக்குருத்தைத் தொடவில்லை. தாணுலிங்கம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, போனது திரும்பி வருமா?"

"எது போச்சு?"

சொல்லிவிட வேண்டியதுதான். வாய் வரைக்கும் வந்தது. அந்த மாமன் முகமும் நீட்டிய உள்ளங்கையும் நினைவுக்கு வந்தன. விழுங்கிவிட்டார்.

"ஒண்ணுமில்ல. பொதுவாக் கேட்டேன்."

"பொதுவா எதுவும் போகாது," என்றார் அம்மா. அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

நகரும்போதுதான் தாணுலிங்கம் பார்த்தார். அம்மா வெறுங்காலோடு இருந்தார். பனி விழுந்த மண் சில்லென்று கிடந்தது.

"செருப்பு போடலியா அம்மா?"

"கால் நுழையல."

கால் இரண்டும் வீங்கியிருந்தன. கணுக்காலே தெரியவில்லை.

"இது எப்பத்துல இருந்து?"

"கொஞ்ச நாளா. உடம்புல தண்ணி நிக்குது," என்றார் அம்மா. கூடையை அவர் கையில் கொடுத்தார். "இன்னைக்கு என்ன?"

"மோர்க்குழம்பு."

"வைங்க."

*

மறுநாள் காலையில் வாசலில் கூடை இல்லை.

நாச்சிமுத்துவுக்குக் காய்ச்சல் என்றார்கள். நேற்றுச் சாயங்காலமே கீரையைத் தொட்டியில் ஊற வைத்துவிட்டுப் படுத்துவிட்டாராம். தாணுலிங்கம் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று போனார்.

முந்தின நாள் தேங்காய் துருவும்போது விரலில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. அந்தக் கையைத் தொட்டிக்குள் விட்டார்.

சுரீர் என்று எரிந்தது.

கையை வெளியே இழுத்தார். தண்ணீரின் குளிர் என்று நினைத்தார். மறுபடி விட்டார். வெட்டு விழுந்த இடம் மட்டும் எரிந்தது. தொட்டியின் விளிம்பைப் பார்த்தார். காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

நாக்கு சொல்லாததை விரல் சொல்லிவிட்டது.

நாச்சிமுத்து கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். தாணுலிங்கம் ஈரக்கையோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"தொட்டியில உப்பு போட்டது யாரு?"

"நானுங்க. எப்பவும் போடறதுதானுங்களே. அந்தச் சுருட்டைக்குள்ள பூச்சி ஒளிஞ்சிருக்குமுங்க. உப்புத்தண்ணி பட்டாத்தான் வெளிய வரும்."

"அதுக்கப்புறம் நல்ல தண்ணியில அலசுவீரா?"

"இந்தக் குளிர்லீங்களா? ஒருக்கா கைய விடறதுக்கே உசுரு போகுதுங்க. ஒதறி வச்சிருவேன். முன்னாடி நானே ஆக்கறப்போ அடுப்புல தனியா உப்பே போடமாட்டனுங்க. எலையில நிக்கறதே சரியா இருக்கும்."

தாணுலிங்கம் விரலில் இருந்த வெட்டைப் பார்த்தார்.

"ஏன் ஓய் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க பெரிய மாஸ்டருங்க. எலையத் தொட்டாலே தெரியும்னு நெனச்சனுங்க. பெறகு சாப்பிட்டதும் நீங்களும் உப்பு போட்டது தெரிஞ்சுதுங்க. ஆனா சாப்பாட்டப் பத்திப் பேசக் கூடாதுங்களே."

"மிச்சம் வச்சிருக்கலாம்லா? ஒரு நாளாவது ஒரு தட்டுல மிச்சம் இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

நாச்சிமுத்து கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

"நீங்க ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டே நிப்பீங்களே மாஸ்டர். அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிங்க மிச்சம் வைக்கறது?"

"எல்லாரும் பேசி வச்சுக்கிட்டியளா? அம்மா சொன்னாவளா?"

"யாரும் சொல்லலீங்க. யாரும் பேசிக்கலீங்க."

*

தாணுலிங்கம் தொட்டிக்கரையில் வந்து உட்கார்ந்தார்.

இருபது பேர். பொரியலில் இருந்து மோர்க்குழம்பு வரைக்கும் ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. காலியான குடங்களை நினைத்தார். பிறகு அம்மா நீட்டிய தட்டை நினைத்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் கேட்டு வாங்கிய கீரை எல்லாம் மற்றவர்கள் தட்டில் விழாமல் போன கீரை. இவரோ அதைப் பாராட்டு என்று நினைத்து ராத்திரியெல்லாம் பூரித்துக் கிடந்திருக்கிறார்.

உப்பு ஏறி வீங்கிய அந்தக் கால்களை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்தது. கோயிலில்கூட அவர் அப்படி உருகியதில்லை. கும்பிடத் தோன்றியது. எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

கீழே போகிற பஸ் காலையில் உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். கோபித்துக்கொண்டு கிளம்பிப் பழகியவர்தான். ஆனால் இப்போது கோபித்துக்கொள்ள ஆள் இல்லை.

இன்னொரு வழியும் இருந்தது. கீரையை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் பழைய கை அளவைப் போட்டால் போதும். சமையல் சரியாகிவிடும். ரகசியம் ரகசியமாகவே இருந்துவிடும். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. இந்த ஆசிரமத்தில் சாகும் வரைக்கும் அப்படியே ஓட்டிவிடலாம்.

எழுந்து தண்ணீர் பிடித்தார். ஒவ்வொரு இலையாக விரித்து அலசினார். விரல் மரத்துப்போனது. மறுபடியும் அலசினார்.

அன்று கடைசல். பருப்பு வெந்தது. கீரை வெந்தது. மத்தால் கடைந்தார். உப்பு டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார்.

கை பாத்திரத்துக்கு மேல் அப்படியே நின்றது.

அலசியதில் உப்பு முழுக்கப் போயிருக்குமா? கொஞ்சம் தங்கியிருக்குமா? நாற்பது வருஷம் கேள்வி கேட்காமல் விரிந்த கை, விரிய மறுத்தது. குத்துமதிப்பாகச் சில கற்களை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை டப்பாவிலேயே போட்டார்.

வெளியே பாட்டு முடிந்து மணி அடித்தது. படைக்கிற நேரம்.

தாணுலிங்கம் ஒரு கரண்டி கடைசலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

எல்லோரும் சாமி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்துகூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தோடு வர வேண்டியவர் கரண்டியோடு வந்து நிற்பதைப் பார்த்து அம்மா திரும்பினார்.

"எனக்கு..." என்றார் தாணுலிங்கம். "எனக்கு நாக்கு செத்துப்போச்சு அம்மா. ருசி தெரியாது. ஒரு வருஷமாச்சு. வீட்டுல அவளுக்குக்கூடத் தெரியாது."

கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யாராவது கொஞ்சம் உப்பு பாத்துச் சொல்லுங்க."

எல்லா வீட்டு அடுப்படியிலும் தினமும் யாராவது யாரிடமாவது சொல்கிற வார்த்தைதான். அவர் வாயில் இருந்து அது வருவதற்கு அறுபது வருஷம் ஆகியிருந்தது.

"சாமிக்கு இன்னும் படைக்கலீங்களே மாஸ்டர்," என்று நாச்சிமுத்து பதறினார்.

அம்மா தரையில் கை ஊன்றி எழுந்தார். வீங்கிய காலை மெல்ல மெல்ல எடுத்து வைத்து, சாமியைத் தாண்டி, தாணுலிங்கத்துக்கு முன்னால் வந்து நின்றார். வலது உள்ளங்கையை நீட்டினார்.

தாணுலிங்கம் கரண்டியைச் சாய்த்தார். கொஞ்சம் கீழே சிந்தியது.

அம்மா நக்கிப் பார்த்தார். கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, இன்னொரு தரம் உள்ளங்கையை நக்கினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் தாணுலிங்கம்.

அம்மா முகத்தைச் சுளித்தார்.

"ஒரு கல்லு போடலாம்."